மண் பார்த்து எடுத்த மட்டை

ஊசிப்பாறை கிளப் மைதானத்தில் மட்டை மண்ணைக் கிழித்தால் அந்தக் கிழிசல் பை தூக்குகிற ஆளின் முதுகில் விழ ஆரம்பித்தது ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு, மூன்றாவது குழிக்குப் போகிற இறக்கத்தில். கோல்ஃப் ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரும்பு மட்டை பந்தை அடிக்கும்போது பந்தோடு சேர்த்து ஒரு பத்தைப் புல்லையும் மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும், அடித்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துவிடுவார், அவருடைய பையைச் சுமந்துகொண்டு பின்னால் வருகிற ஆள்தான் இடுப்பில் கட்டிய பையிலிருந்து மணலை அள்ளிப் போட்டு, காலால் மிதித்து நிரவிவிட்டு ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அறுபது வருஷமாக அப்படித்தான் நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு பல் டாக்டர் அடித்த அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பத்தை பறந்தது, பையோடு நின்றிருந்த ரங்கனின் சட்டை முதுகுப்பக்கம் அதே உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து ரத்தம் வழிந்தது. ரங்கன் திரும்பித் தடவிப் பார்த்துவிட்டு, "பூரான் புடுங்கிருச்சாட்ட இருக்குதுங்க" என்றான். மணலைப் போட்டு மிதித்தான். ரத்தம் நின்றுவிட்டது.

பத்து நாளைக்குள் ஊருக்கே இதன் சட்டதிட்டமெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பையைக் கடைசியாக எவர் தோளில் மாட்டினாரோ அவருக்குத்தான் வெட்டு. வேலை வேண்டாமென்று வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டாலும், சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாலும், வேறொரு தோள் அந்தப் பையை வாங்காதவரை வெட்டு தேடிக்கொண்டு வரும். கழுதை மேல் கட்டிப் பார்த்தார்கள், கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை, கடைசியாகச் சுமந்த மனுஷனுக்கே விழுந்தது. பெயர்ந்த இடத்தை மணலால் மூடினால், ஆட்டத்துக்குத் தடையாகத் தோண்டிவைத்த மணல்குழியில் விழுந்த வெட்டென்றால் வாரியால் வாரி நிரவினால், ரத்தம் நிற்கும், தழும்பு நிற்கும்.

எங்கள் ஊர் ஆட்கள் இதையும் மழை வெயில் மாதிரி வாங்கிக்கொண்டார்கள். கிளப் கமிட்டி கூடி ஆலோசித்து, வெள்ளைச் சீருடையில் கறை தெரிகிறது என்று அரக்குச் சீருடைக்கு மாற்றியது, அதை ஒரு பெரிய உபகாரமாகப் பேசவும் செய்தது. தையற்காரர் சுப்பையன் முதுகில் ஐந்து மடிப்புத் துணி வைத்து ரவிக்கையும் சட்டையும் தைத்துக் கொடுத்தார். பெண் கேட்டு வருகிறவர்களிடம் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால் யாருடைய பையைத் தூக்குகிறார் என்று கேட்டார்கள். டவுன் பஸ்ஸில் ஸீட்டில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்தாலே கண்டக்டர், "கிளப் ஸ்டாப்புங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருவார். ஊரின் பாதி நிலம் அந்தப் புல்லுக்கடியில் போன பிறகு வேறு வேலை எங்கே இருக்கிறது என்றார்கள். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவதென்று தெரியாத கோபம் வீட்டில் தட்டு டம்ளர் மேல்தான் போகும்.

நான் கம்பவுண்டர் அங்கண்ணன். கிளப் வாசலில் வேப்பமரத்தடியில் ஒரு மேஜை, ஒரு ஸ்டவ், கொதிக்கிற தண்ணீரில் ஊசியும் கத்திரியும், இதுதான் என் இடம். ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது முதுகு பார்ப்பேன். முதுகு பார்த்துப் பார்த்து எனக்கு மட்டை தெரிந்துபோயிற்று. தூரத்திலிருந்து அடிக்கிற நீள மட்டைகளால் அதிகம் தொந்தரவில்லை, அவை சிராய்த்துவிட்டுப் போகும். ஆளைக் கொல்கிறது குழிக்குக் கிட்டத்தில் வந்த பிறகு பந்தைத் தூக்கிப் போடுவதற்காக எடுக்கிற குட்டை மட்டைதான், அதை வெட்ஜ் என்பார்கள். அதன் அடிப்பாகம் மெல்லிசாக இருந்தால் மண்ணுக்குள் கத்தி மாதிரி இறங்கும், காயம் குறுகலாகவும் ஆழமாகவும் இருக்கும். அடிப்பாகம் புடைத்துக் குண்டாக இருந்தால் மண் மேல் வழுக்கிக்கொண்டு போகும், காயம் அகலமாகத் தோலோடு நிற்கும். அந்தப் புடைப்புக்குப் பவுன்ஸ் என்று பெயர், டிகிரியில் சொல்வார்கள். மெல்லிசுக்கு நாலு ஆறு, குண்டுக்குப் பன்னிரண்டு பதினாலு. நான் முதுகைப் பார்த்தே, "உன்ர ஆளு ஆறு டிகிரி வெச்சிருக்கறாரு, கோடாலி போடற மாதிரி செங்குத்தா எறக்கறாரு, அவருக்குப் பன்னெண்டு வாங்கச் சொல்லு" என்பேன். பைக்காரர்கள் போய்ச் சொல்வார்கள். அப்படியே மாற்றினவர்களின் ஆட்டமும் சீர்ப்பட்டது. மழைக்காலத்து ஈர மண்ணில் குண்டு அடிப்பாகம், கோடையில் இறுகின தரைக்கு மெல்லிசு, செங்குத்தாக இறக்குகிற கைக்குக் குண்டு, கூட்டிப் பெருக்குகிற மாதிரி அடிக்கிற கைக்கு மெல்லிசு என்று நான் சொல்லச் சொல்ல, பழைய மட்டையை மாற்ற நினைக்கிற ஆட்டக்காரர்கள் கோயமுத்தூர்க் கடைக்குப் போகிற வழியில் கார் கண்ணாடியை இறக்கி என்னைக் கேட்டுவிட்டுப் போகிற அளவுக்கு ஆயிற்று.

கேட்காத ஒரே மனிதர் மில்காரர் தாமோதரசாமி. அவரிடம் இருந்தவை பதினெட்டு வருஷத்து வெட்ஜுகள். பந்தைப் பிடிக்கிற காடிகள் தேய்ந்து முகம் வழுவழுவென்றாகிவிட்டது, அடிப்பாகம் கல்லிலும் மணலிலும் தேய்ந்து அரிவாளாகிவிட்டது. பந்து நினைத்த இடத்தில் நிற்காது, நிற்காத கோபத்தில் அடுத்த அடி இன்னும் பலமாக விழும். அவர் பையைச் சுமந்த ஆறுக்குட்டியை நான் பதினோரு மாதத்தில் இருநூறு தையலுக்கு மேல் போட்டு ஒட்டவைத்திருந்தேன். கடைசியில் அவன் காய்ச்சலில் படுத்துவிட்டான். படுத்தவன் முதுகில், ஓட்டுவீட்டுக்குள், பாயின் மேல், மில்காரர் மூன்று மைல் தள்ளிப் பயிற்சி அடிக்கிற ஒவ்வொரு அடியும் விழுந்துகொண்டிருந்தது. பையை மாற்றி வாங்க ஊரில் ஒரு தோள் இல்லை. கஞ்சி கொண்டுபோன என் மனைவி மயிலாத்தாள் அதைப் பார்த்துவிட்டு, கஞ்சித் தூக்கை வைத்துவிட்டு, நேரே மைதானத்துக்கு நடந்து, புல்லில் கிடந்த அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆறுக்குட்டி வெட்டு விழாமல் நாலு நாள் படுத்திருந்து செத்துப்போனான்.

"எதுக்குடி இப்பிடிப் பண்ணுன?" என்று கேட்டேன். அவளுக்கு அன்றைக்கு முதல் தையல் போட்டுக்கொண்டே கேட்டேன்.

"சாகற மனுசனை வெட்டிட்டே இருந்தாங்க. நீங்க பாத்துட்டு வந்து சோறு தின்னீங்க. என்னால முடியலீங்க" என்றாள்.

எனக்கு அவள் மேல் கொள்ளைப் பிரியம். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அதை நான் வாயால் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை, தையலை மட்டும் சின்னச் சின்னதாகப் போட்டேன். அவள் முதுகு எனக்குத் தெரிந்த முதுகு. அதில் ஒவ்வொரு சாயங்காலமும் ஊசி குத்த வேண்டியிருந்தது. எனக்கு இனி ஒரே வேலைதான் என்று தீர்மானித்தேன், அந்த மனிதர் கையிலிருக்கிற மட்டையை மாற்றுவது.

காரை மறித்து நின்றேன். "அய்யா, உங்க பந்து ஏன் நிக்கறதில்லைன்னு சொல்லட்டுங்களா?" என்றேன். பை தூக்குகிறவளின் வலியைப் பற்றிப் பேசியிருந்தால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயிருப்பார், பந்தைப் பற்றிப் பேசியதால் காரை நிறுத்தினார். காடி தேய்ந்ததைச் சொன்னேன். அவருடைய பெரிய மட்டைகளில் கடைசியின் முகம் நாற்பத்தாறு டிகிரிச் சாய்வில் நிற்கிறது, அங்கிருந்து ஐம்பது, ஐம்பத்துநாலு, ஐம்பத்தெட்டு என்று நான்கு நான்காக இடைவெளி விட்டு மூன்று வெட்ஜ் எடுங்கள், இடையில் ஓட்டை இருந்தால் பாதி அடி அடிக்கத் தோன்றும், பாதி அடிதான் உங்களுக்கு உதைக்கிறது என்றேன். உங்கள் கை செங்குத்துக் கை, நம் மண் ஐப்பசி கார்த்திகையில் களி, அதனால் மூன்றுக்கும் பதினாலு பவுன்ஸ், அகல அடிப்பாகம் என்றேன்.

"கம்பவுண்டருக்கு இதெல்லாம் எப்பிடிய்யா தெரியும்?" என்றார்.

"முதுகுல எழுதியிருக்குதுங்க" என்றேன். அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்.

வாங்கினார். அந்த மழைக்காலம் முழுவதும் மட்டை களிமண் மேல் வழுக்கியது, பந்து பூப்போல எழுந்து குழிக்குப் பக்கத்தில் இறங்கியது, மயிலாத்தாளுக்குப் பூனை பிறாண்டின மாதிரி இரண்டு மூன்று கீறல், தேங்காயெண்ணெய் தடவினால் போதும். பழைய தழும்புகள் வெளுத்தன. தை மாதத்தில் ஒருநாள் அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன்.

பங்குனியில் தரை செங்கல்லாக இறுகியது. இறுகின தரையில் குண்டு அடிப்பாகம் மண்ணில் மோதி எகிறும், மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் அடிக்கும், பந்து குழியைச் சுற்றியுள்ள குழித்தரையைத் தாண்டிக் கார் நிறுத்துகிற இடத்துக்கு ஓடும். கோடைக்கு மெல்லிசு எடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான், அவர் வந்து கேட்டபோது, "இதே இருக்கட்டுங்க, கை பழகோணும்" என்று கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னேன். ஒரு மாதம் நம்பினார். ஒரு போட்டியில் எல்லோர் முன்னாலும் மூன்று முறை பந்து கார்களுக்கிடையில் ஓடி, யாரோ சிரிக்க, அவர் நேரே கோயமுத்தூருக்குப் போனார். கடைக்காரர் மட்டையையும் அவர் சொன்ன தரையையும் பார்த்துவிட்டு, உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்தவர் உங்களுக்கு வேண்டாதவராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தவர் என் மேஜையைக் காலால் எட்டி உதைத்தார். கொதிதண்ணீர் என் கால் மேல் கொட்டியது. "உன்ர பொண்டாட்டி தோலுக்கு என்ர ஆட்டத்தைப் பலி குடுத்தயாடா?" என்றார். கையில் புது ஐம்பத்தெட்டு டிகிரி வெட்ஜ் ஒன்று. நாலு பவுன்ஸ். போதாதென்று பட்டறையில் கொடுத்து அடிப்பாகத்தை இன்னும் அரத்தால் ராவி வாங்கியிருந்தார். வெயிலில் அதன் விளிம்பு நூல் மாதிரி தெரிந்தது. மற்ற இரண்டு குண்டு வெட்ஜுகளும் பையிலேயே கிடந்தன.

கிளப் கோப்பைப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. இறுகின தரைக்கு ராவின மட்டை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் கோடைமழை பிடித்து விடியவிடியக் கொட்டியது, காலையில் மைதானம் முழுக்கக் குழைந்த களி. நான் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தேன். "அய்யா, மண்ணு மாறிப்போச்சுங்க, இன்னிக்கு மட்டும் குண்டை எடுங்க" என்றேன். என்னிடம் ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி ஏமாறுவாரா. என் தலைக்கு மேல் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போனார்.

நாலாவது குழியில் ராவின மட்டை களிக்குள் நாலு விரல் ஆழம் இறங்கி நின்றது. மயிலாத்தாளின் வலது தோள்பட்டைக்குக் கீழே எலும்பு தெரிந்தது. அவள் மணலைப் போட்டு மிதித்துவிட்டு நடந்தாள். ஒன்பதில் இடுப்புக்கு மேல். பதினாலில் பழைய தழும்பு ஒன்றைப் பிரித்துக்கொண்டு புதிது. சுப்பையன் தைத்த ஐந்து மடிப்பும் ஊறிப் பையின் வார் வழியாகச் சொட்டியது, சொட்டுகிற வழியெல்லாம் வேடிக்கை பார்க்க வந்த ஊர் பின்னாலேயே நடந்தது. அவர் எட்டு அடி முன்னிலையில் இருந்தார். கடைசியான பதினெட்டாவது குழிக்கு அடித்த பந்து மணல்குழிக்குள் போய்ச் சுவரோரம் பாதி புதைந்தது. மணல்குழிக் கரையில் மயிலாத்தாள் முழங்கால் மடங்கி விழுந்தாள்.

நான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி என் தோளில் மாட்டிக்கொண்டேன். "ஏனுங்க, வேண்டாங்க" என்றாள். அதற்குள் அவர் மணலுக்குக் குண்டுதான் என்று பழக்கத்தில் குண்டு வெட்ஜை உருவி ஓங்கி அடித்தார். நனைந்து இறுகின மணலில் குண்டு வழுக்கியது, பந்து சுவரில் மோதி அவர் காலடிக்கே வந்தது, என் முதுகுத்தோல் ஒரு முழம் உரிந்தது. ஏறக்குறைய இரண்டு வருஷமாக நான் தைத்துக்கொண்டிருந்தது என்னவென்று அப்போதுதான் தெரிந்தது, நான் மாடு மாதிரி கத்தினேன். ரங்கன் வந்து என் தோளிலிருந்து பையை வாங்கினான், அடுத்த அடி ரங்கனுக்கு விழுந்தது. சுப்பையன் ரங்கனிடமிருந்து வாங்கினார், அடுத்த அடி சுப்பையனுக்கு. பஸ் கண்டக்டர் வாங்கினார், ஆறுக்குட்டியின் பெண்சாதி வாங்கினாள், பூக்காரம்மா வாங்கினாள், அடி விழ விழ, பந்து சுவரில் மோதி மோதித் திரும்ப, அவர் கெட்ட வார்த்தையாகப் பேசிக்கொண்டு அடிக்க அடிக்க, கூப்பிடாமலே ஆட்கள் வரிசையில் வந்து நின்று ஒருவர் ரத்தத்தின் மேல் ஒருவர் அந்தப் பையை மாட்டிக்கொண்டார்கள். ஒரு முதுகுக்கு ஒரு வெட்டு. அதற்கு மேல் ஒருவரையும் படவிடவில்லை.

முன்னிலை போய்விட்டது. இனி ஒரே அடியில் பந்து குழிக்குள் விழுந்தால்தான் கோப்பை. தாமோதரசாமி மட்டை மாற்றக் கையை நீட்டினார், பை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, வரிசையில் எங்கோ போய்க்கொண்டிருந்தது.

"என்ர பையை ஊரே தூக்கறதுக்கு இதென்ன சாமி பல்லக்கா? கொண்டாங்கடா இங்க!" என்று கத்திக்கொண்டு மேலே ஏறிவந்து, கடைசியாக மாட்டியிருந்தவர் தோளிலிருந்து பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

கிளப் செயலாளர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வெட்டு தனக்கும் விழும் என்று அந்த மனிதருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை, அன்றைக்கும் தோன்றவில்லை. மணல்குழிக்குள் இறங்கிப் பந்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு, மட்டை விஷயத்தில் மழைக்காலம் முழுக்கக் கேட்ட பழக்கமோ என்னவோ, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏப்பா கம்பவுண்டரு. இந்தத் தடவையாவது நெசம் சொல்லு. எது?"

நான் யோசிக்கவில்லை. நனைந்து இறுகின மணல், பாதி புதைந்த பந்து, செங்குத்தாக இறக்குகிற கை. உலகத்தில் எந்தக் கடையில் எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"மெல்லிசுங்க அய்யா. ராவினது. குண்டு இந்த மணல்ல வழுக்கும். முழுக்கையும் போட்டு எறக்குங்க" என்றேன்.

போட்டு இறக்கினார். மணல் விசிறியாக எழுந்தது, பந்து அதன் நடுவிலிருந்து நிதானமாக மேலே வந்து, குழித்தரையில் விழுந்து, இரண்டு துள்ளு துள்ளிக் குழிக்குள் இறங்கியது. அந்த மைதானத்தில் நான் பார்த்த அடிகளில் அதுதான் அருமையான அடி. அவர் சிரித்துக்கொண்டே நின்றார். பிறகு அவர் முதுகு தோளிலிருந்து இடுப்புவரை திறந்துகொண்டது.

விழுந்துவிட்டார். மணலை வாரினால் ரத்தம் நின்றுவிடும், வாரி கரையில்தான் கிடந்தது, ஊர் முழுக்க அங்கேதான் நின்றது. ஒருவரும் அசையவில்லை. நான் வாரியின் மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டு நின்றேன். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று மனசுக்குள் எண்ணினேன். அவர் ரத்தம் போகிறதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

மயிலாத்தாள் எழுந்து வந்தாள். "காலை எடுங்க."

"எடுக்க மாட்டேன்."

"ஆறுக்குட்டிகிட்டயிருந்து நான் பையை வாங்குனது இன்னொருத்தன் சாகறதுக்கு இல்லீங்க. காலை எடுங்க."

எடுத்தேன். அவள் கீழே இறங்கி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மணலை வாரினாள். அவசரப்படாமல், தினமும் செய்கிற வேலையைச் செய்கிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வாரினாள். அவருக்கும் எங்களுக்கும் ரத்தம் நின்றது. தாமோதரசாமி கண்ணைத் திறந்து, "பையைக் கொஞ்சம் எடும்மா" என்றார்.

"அதை மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கிளப் வாசலில் பைக்காரர்கள் எல்லாப் பைகளையும் வரிசையாக வைத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கோடையில் பைகளை அவரவரே தூக்கினார்கள், ஒரு மாதத்துக்குள் கோயமுத்தூர்க் கடையில் குண்டு அடிப்பாகம் வைத்த வெட்ஜ் ஒன்றுகூட மிச்சமில்லை என்று கேள்வி. தாமோதரசாமியும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் என் மேஜைக்கு வந்து, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டி, இந்த வாரம் மண் எப்படி, எது எடுக்கட்டும் என்று பணிவாகக் கேட்கிறார். பெயர்ந்த பத்தைகளில் குனிந்து தானே மணல் போடுகிறார்.

மயிலாத்தாள் என்னோடு சரியாகப் பேச ஒரு மாதமாயிற்று. கடைசித் தையலைப் பிரித்துக்கொண்டிருந்த சாயங்காலம், திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு அவருக்கு நீங்க சொன்னது சரியான மட்டைதானுங்களா?"

"சரியான மட்டைதான் மயிலா. சத்தியமா."

நான் நூலை உருவினேன்.

"அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.